பந்தைத் தொட்டதே 18% நேரம்தான்... ஆனாலும் ஸ்பெயினை ஜப்பான் கவிழ்த்தது எப்படி? 'பிரஸ்ஸிங்' வியூகம் என்றால் என்ன?

2022 டிசம்பர் 1. கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதுகின்றன. 11-வது நிமிடத்திலேயே மொராட்டா தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார். முதல் பாதி முழுக்க பந்து ஸ்பெயின் காலில்தான். ஜப்பானின் மூன்று சென்டர் பேக் வீரர்களுமே இடைவேளைக்குள் மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

51-வது நிமிடத்தில் ஸ்கோர் போர்டைப் பார்த்தால் ஜப்பான் 2, ஸ்பெயின் 1. கடைசி வரை அது மாறவே இல்லை. அந்த ஆட்டத்தில் ஜப்பானிடம் பந்து இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரம்தான்!

பந்தே இல்லாமல் எப்படி ஜெயிக்க முடியும்? இங்கேதான் வருகிறது 'பிரஸ்ஸிங்'.

சும்மா ஓடித் துரத்துவது பிரஸ்ஸிங் இல்லை

எதிரணியிடம் பந்து இருக்கும்போது நம்ம பாதியில் காத்திருக்காமல், அவங்க கோல் பக்கமே போய் நெருக்கடி கொடுப்பதுதான் பிரஸ்ஸிங். கேட்க சுலபமா இருக்கும். ஆனால் ஸ்பெயின் மாதிரி பாஸ் விளையாடும் அணியிடம் கண்ணை மூடிக்கொண்டு துரத்தினால் நாக்கு தள்ளிவிடும். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

இரண்டு பக்கமும் 11 பேர்தான். ஆனால் துரத்தும் அணியின் கோல்கீப்பர் தன் கோலை விட்டு வர முடியாது. பந்து வைத்திருக்கும் அணியோ தன் கோல்கீப்பரையும் பாஸ் கொடுக்க, வாங்கப் பயன்படுத்துகிறது. அதாவது 11 பேரை 10 பேர் துரத்த வேண்டும். எங்கேயோ ஒருத்தர் எப்போதும் சும்மா நிற்பார். அவரைக் கண்டுபிடித்து பந்தைக் கொடுப்பதுதான் ஸ்பெயினுக்குக் கைவந்த கலை.

அப்படியானால் துரத்தும் அணி என்ன செய்யணும்? அந்த ஒருத்தருக்குப் பந்து போகும் வழியை அடைக்கணும். பந்து வைத்திருப்பவரை நோக்கி நேராக ஓடாமல், கொஞ்சம் வளைந்து ஓடுவார்கள். ஓடுபவரின் உடம்பே பின்னால் நிற்கும் எதிரணி வீரரை மறைத்துவிடும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரைக் கவனித்த மாதிரி.

எப்போது பாய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கபடி பார்ப்பவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ரெய்டர் நடுக்களத்தில் நிற்கும்போது யாரும் போய் விழ மாட்டார்கள். அவர் கோட்டோரம் ஒதுங்கினாலோ, முதுகைக் காட்டினாலோதான் பிடி விழும். கால்பந்திலும் அதேதான். கோல்கீப்பருக்குப் பின்னோக்கிப் பாஸ் போகும் நொடி, ஒருவர் பந்தைச் சரியாக நிறுத்தாமல் தடுமாறும் நொடி, பக்கக் கோட்டருகே இருப்பவருக்குப் பந்து போகும் நொடி... இதெல்லாம் பாய்வதற்கான சிக்னல். பக்கக் கோட்டில் நிற்பவருக்கு ஒரு பக்கம் வழியே இல்லை. கோடே இன்னொரு டிஃபெண்டர் ஆகிவிடுகிறது.

அந்த 48-வது நிமிடம்

இப்போது மறுபடி ஆட்டத்துக்கு வருவோம். இடைவேளையில் பயிற்சியாளர் மோரியாசு, ரிட்சு டோவான், கவோரு மிட்டோமா ஆகிய இருவரைக் களமிறக்கினார். (மிட்டோமா பல்கலைக்கழகத்தில் டிரிப்ளிங் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் என்பது தனிக்கதை.) முதல் பாதியில் பின்னால் பதுங்கியிருந்த அணி, இரண்டாம் பாதி தொடங்கியதும் ஸ்பெயின் பெனால்டி பாக்ஸ் வரை ஏறி வந்தது.

பந்து கோல்கீப்பர் உனாய் சிமோனிடம் திரும்பியது. முன்வரிசை துரத்த, நடுவே வழியில்லை. இடது பக்கம் இருந்த 19 வயது பால்டேவுக்குத் தூக்கிப் போட்டார். அந்த இடத்துக்கு ஜப்பானின் வலது விங் பேக் ஜுன்யா இட்டோ பாய்ந்து வந்துவிட்டார். பந்து சிதறி டோவானிடம் போனது. பாக்ஸுக்கு வெளியிலிருந்து இடது காலால் ஒரே அடி. சிமோன் கைபட்டும் கோல்!

இதில் இட்டோதான் கவனிக்க வேண்டியவர். விங் பேக் என்பவர் பாதி டிஃபெண்டர். அவர் அவ்வளவு தூரம் மேலே வந்தால் பின்னால் பெரிய மைதானமே காலி. அந்த ஒரு பாஸ் தப்பியிருந்தால் 2-0 ஆகியிருக்கலாம். அந்த ரிஸ்க்கை எடுத்ததால்தான் 10 பேர், 11 பேர் கணக்கு ஜப்பான் பக்கம் திரும்பியது.

மூன்று நிமிடத்தில் இரண்டாவது கோல். எண்ட்லைனைத் தாண்டியதாக எல்லோரும் நினைத்த பந்தை மிட்டோமா உள்ளே திருப்ப, டனாகா முடித்தார். விஏஆர் பார்த்து கோல் என்று அறிவித்தார்கள். பந்தின் ஓரம் மட்டும் கோட்டின் மேல் இருந்ததாகக் காட்டும் அந்தப் புகைப்படம் பல நாள் விவாதமானது.

அதற்குப் பிறகு ஜப்பான் துரத்தியதா? இல்லை. மறுபடி ஐந்து டிஃபெண்டர்களோடு பின்னால் போய்விட்டது. இதுதான் பலர் தவறவிடும் விஷயம். 90 நிமிடமும் இந்த வேகத்தில் துரத்த எந்த அணியாலும் முடியாது. 2018 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டியை லிவர்பூல் 3-0 என வீழ்த்தியபோதும், மூன்று கோல்களும் முதல் 31 நிமிடத்தில் வந்தவை. மீதி நேரம் காவல்தான்.

துரத்தாமலே தடுக்கலாமா?

தடுக்கலாம். ஐந்தே நாள் கழித்து மொராக்கோ அதைத்தான் செய்தது. மேலே ஏறாமல், தன் பாதியில் இடைவெளி விடாமல் நின்று, 120 நிமிடம் ஸ்பெயினைக் கோல் போட விடவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் 3-0 என ஜெயித்தது. ஆனால் அந்த வழியில் கோலும் வரவில்லை, முடிவு ஷூட்-அவுட் கையில். ஜப்பானுக்கு அன்று அந்த வசதி இல்லை. பின்தங்கி இருந்த அணி கோல் போட்டே ஆக வேண்டும்.

பிரஸ்ஸிங்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. எதிரணி பந்தை வைத்து விளையாட ஆசைப்படணும். ஜெர்மனியையும் ஸ்பெயினையும் சாய்த்த இதே ஜப்பான், நடுவில் கோஸ்டா ரிகாவிடம் 0-1 எனத் தோற்றது. அன்று பந்து அதிக நேரம் ஜப்பானிடம்தான் இருந்தது. துரத்த ஆள் இல்லை. அடுத்த சுற்றில் குரோஷியாவும் இதையே செய்தது. நெருக்கடி வந்தால் பந்தை உயரத் தூக்கி அடித்தது. லவ்ரன் தூக்கிப் போட்ட ஒரு பந்தை பெரிசிச் தலையால் முட்டி சமன் செய்தார். பெனால்டியில் ஜப்பான் வெளியேறியது.