தண்டவாளத்து ஓரப் பெட்டி எந்த டிபார்ட்மென்ட்?

அடுத்த முறை சேலத்துல இருந்து நாமக்கல் வழியா கரூர் போற ரயில்ல ஏறினா, போனை கொஞ்ச நேரம் பைக்குள்ள போட்டுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க. ராசிபுரம், களங்காணி, நாமக்கல், மோகனூர்னு ஒவ்வொரு ஸ்டேஷனை நெருங்கும்போதும், லெவல் கிராசிங் வரும்போதும், தண்டவாளத்துக்குப் பக்கத்துல சின்ன கான்கிரீட் மேடை மேல ஒரு இரும்புப் பெட்டி நிக்கும். பீரோவைவிடக் கொஞ்சம் குட்டை. கதவு பூட்டியிருக்கும். நம்மில் பெரும்பாலானோர் அதைப் பார்த்திருப்போம், ஆனா கவனிச்சிருக்க மாட்டோம்.

ரயில்வேக்காரங்க அதை லொகேஷன் பாக்ஸ்னு சொல்வாங்க. ஸ்டேஷன்ல இருந்து வர்ற 110 வோல்ட் சப்ளை இங்க வந்துதான் பிரியுது. சிக்னல் விளக்குக்கு ஒரு வழி, டிராக் சர்க்யூட்டுக்கு ஒரு வழி, பாயின்ட் மெஷினுக்கு ஒரு வழி. உள்ளே ஃபியூஸ், சின்ன டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, வரிசை வரிசையா டெர்மினல். நம்ம வீட்டு மெயின் போர்டுக்கு என்ன வேலையோ, தண்டவாளத்துக்கு இந்தப் பெட்டிக்கு அதே வேலை. ஒரே வித்தியாசம், நம்ம வீட்டு போர்டு வெயில்லயும் மழையிலயும் நிக்கிறதில்லை. அதுக்குப் பக்கத்துல 25 கேவி லைன் ஓடுறதும் இல்லை.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நம்ம காலேஜ்ல இந்தப் பெட்டி யாரோட பாடமும் இல்லை. ட்ரிபிள்ஈ பசங்களைக் கேட்டா "அது தகரம் வளைக்கிற வேலை, மெக்கானிக்கல்"னு சொல்வாங்க. மெக்கானிக்கல்ல கேட்டா "உள்ளே வயரிங்தானே, எங்களுக்கு என்ன"ம்பாங்க. கடைசியில ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ரிலே, சென்சார், போர்டு எல்லாம் பக்காவா இருக்கும். அதை வைக்கிற டப்பா மட்டும் ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையில வாங்கின பிளாஸ்டிக் டப்பா. பெட்டியும் டிசைன்தான்னு நாம ஒத்துக்கணும். அதுவும் நாமக்கல்ல படிக்கிறவங்க முதல்ல ஒத்துக்கணும்.

ஏன் நாமக்கல்? பிறகு சொல்றேன். முதல்ல பெட்டிக்குள்ள என்ன கஷ்டம் இருக்குன்னு பார்ப்போம்.

முதல் எதிரி வெயில். 1.2 மீட்டர் உயரம், 80 செ.மீ. அகலம்னு ஒரு பெட்டி வெச்சுக்கலாம். கதவோட பரப்பு கிட்டத்தட்ட 1 சதுர மீட்டர். அந்தக் கதவு மேற்கு பார்த்து நிக்குது. சித்திரை மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு அது மேல சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுதுன்னு எடுத்துக்கோங்க. அடர் நிற பெயின்ட் அதுல 90 சதவீதம் வரைக்கும் உறிஞ்சும், அதாவது 500 வாட்டுக்கு மேல. வெள்ளை பெயின்ட்னா 200 வாட்டுக்குள்ள. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் சேர்ந்து விடுற சூடு 60 வாட்னு வெச்சாலும், வெயில்தான் பெரிய ஹீட்டர்! உறிஞ்சினது அத்தனையும் உள்ளே போயிடாது, பாதிக்கு மேல காத்துலயே திரும்பிப் போயிடும். ஆனா எதைக் கவனிக்கணும்னு கணக்கு காட்டிக் குடுத்துருச்சு. இந்த இடத்துல ஃபேன் வைக்கிறது ரெண்டாவது யோசனை. வெளிர் நிற பெயின்ட், மேல ஒரு இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை, கதவை எந்தத் திசை பார்த்து வைக்கிறதுங்கிற முடிவு, இதெல்லாம் முதல் யோசனை. கரன்ட் செலவே இல்லை. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 10 டிகிரி சூடு கூடினா ஆயுள்ல பாதியை இழக்கும்னு நமக்குக் கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்த 10 டிகிரியை ஒரு டப்பா பெயின்ட் தீர்மானிக்கலாம்னு யாரும் சொல்லிக் குடுக்கலை.

ரெண்டாவது எதிரி தண்ணி. இங்கதான் நிறைய பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. ஐபி ரேட்டிங் கேள்விப்பட்டிருப்பீங்க. முதல் எண் தூசுக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. ஐபி 54-ன்னா தூசு கொஞ்சம் போனாலும் வேலை கெடாது, தண்ணி தெறிச்சாலும் தாங்கும். ஐபி 65-ன்னா தூசு போகவே கூடாது, ஹோஸ் பைப்ல பீய்ச்சினாலும் தாங்கணும். "அப்போ எண் பெருசா இருந்தா நல்லது, காத்துகூட போகாம இறுக்கி மூடிட வேண்டியதுதானே?" அப்படின்னு தோணும்.

இறுக்கி மூடிப் பாருங்க. மத்தியானம் உள்ளே 60 டிகிரி. சாயங்காலம் திடீர்னு கோடை மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்குது. கெல்வின்ல 333-ல இருந்து 298. உள்ளே இருக்கிற காத்தோட அழுத்தம் பத்து சதவீதம் குறையும். கேக்க சின்னதா இருக்கும். ஆனா அது ஒரு மீட்டர் தண்ணிக்குச் சமமான உறிஞ்சல். 1 சதுர மீட்டர் கதவு மேல கிட்டத்தட்ட ஒரு டன் பாரம். எந்தக் காஸ்கெட்டும் அதைப் பல வருஷம் தாங்காது. எங்கயாவது ஒரு மூலையில வழி விடும். அந்த வழியா ஈரக் காத்து உள்ளே போகும், ராத்திரி தண்ணியா மாறித் தரையில தேங்கும். உள்ளே போன தண்ணிக்கு வெளியே வர வழியும் இல்லை. அதனாலதான் நல்ல பெட்டியில மூச்சு விடுற ஒரு சின்ன வடிகால் பிளக் வைப்பாங்க. காத்து போகும் வரும், தேங்கின தண்ணி கீழே வடியும், தூசும் பூச்சியும் ஏறாது. நாமக்கல்ல அதோட எறும்பையும் எலியையும் சேத்துக்கோங்க. கேபிள் கீழே இருந்து நுழையுற ஓட்டையை சரியா அடைக்கலைன்னா, ஐபி 65-ங்கிறது கதவுல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும்தான்.

மூணாவது கரன்ட். பவுடர் கோட்டிங் அழகா இருக்கும், துருவையும் தடுக்கும், ஆனா கரன்ட்டையும் தடுக்கும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல கீல் இருக்கு, அதுவே எர்த்துக்குப் போதும்னு நினைச்சா ஆபத்து. பெயின்ட் அடிச்ச கீலை நம்ப முடியாது. கதவுல இருந்து உடம்புக்குப் பின்னின செம்பு பட்டை தனியா போடணும். எர்த் போல்ட் வர்ற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டணும், இல்லன்னா பல் வெச்ச வாஷர் போடணும். பக்கத்துலயே ரயில் ஓடி அதிர்றதால நட்டு தானா கழன்டுக்காம லாக் பண்ணணும். இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். ஆனா கையை வெச்சுக் கதவைத் திறக்கிற மெயின்டெய்னருக்கு இது உயிர் விஷயம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருத்தர் கேக்கலாம்: "பெட்டி கெட்டுப்போனா என்ன ஆகும்? சிக்னல் சிவப்பு ஆகும், ரயில் நிக்கும். அதுக்குத்தானே ஃபெயில் சேஃப்?" நியாயமான கேள்வி. டிராக் சர்க்யூட்ல கரன்ட் வந்துட்டே இருந்தாத்தான் ரிலே மேல நிக்கும். வயர் அறுந்தாலோ, ஃபியூஸ் போனாலோ, சப்ளை நின்னாலோ ரிலே கீழே விழும், சிவப்பு வரும். ஆக வெயிலும் மழையும் எலியும் சேர்ந்து பண்ற கெடுதல் பெரும்பாலும் தாமதத்துல முடியும்.

ஆனா பெட்டிக்குள்ள இன்னொரு ஆபத்து இருக்கு. அதை ஃபெயில் சேஃப் காப்பாத்தாது. 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவின் பாலசோர் பக்கத்துல பஹநகா பஜார் ஸ்டேஷன்ல நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. நம்ம சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ஸுக்குப் பச்சை விழுந்துச்சு, ஆனா பாயின்ட் லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. அங்க நின்ன சரக்கு ரயில் மேல மோதி, 290-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ரயில்வே பாதுகாப்பு ஆணையரோட விசாரணை அறிக்கை, சிக்னல் சர்க்யூட்ல முன்னாடி செஞ்ச மாற்றத்துலயும், 94-ம் எண் லெவல் கிராசிங்குக்கு மின்சார கேட் மாத்துற வேலையிலயும் நடந்த தவறுகளைக் காரணமா சொன்னது. அதுல ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். லெவல் கிராசிங் லொகேஷன் பாக்ஸுக்குள்ள வயர்களுக்குப் போட்டிருந்த பெயர்கள் தப்பா இருந்திருக்கு, வருஷக்கணக்குல யாரும் கண்டுபிடிக்கலை. அதே கரக்பூர் கோட்டத்துல 2022 மே மாசமே வேற ஒரு ஸ்டேஷன்ல தப்பான வயரிங்கால ஒரு சம்பவம் நடந்திருந்ததையும் அறிக்கை சுட்டிக்காட்டுச்சு.

யோசிச்சுப் பாருங்க. துருப்பிடிச்ச பெட்டி ரயிலை நிறுத்தும். தப்பா எழுதின லேபிள் ரயிலை ஓட வைக்கும். ரெண்டுல எது பயங்கரம்?

அதனாலதான் கஸ்டம் பெட்டிங்கிற வார்த்தையை நான் கொஞ்சம் சந்தேகத்தோட பார்க்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் தேவை வேற, உண்மைதான். லெவல் கிராசிங்ல ஒரு மாதிரி, பாயின்ட் பக்கத்துல ஒரு மாதிரி, கேபிள் எண்ணிக்கையும் மாறும். ஆனா இடத்துக்கு இடம் மாற வேண்டியது அளவும் எண்ணிக்கையும் மட்டும்தான். சப்ளை எந்தப் பக்கம் வரும், டெர்மினல் வரிசை எங்க ஆரம்பிக்கும், லேபிள் எந்த முறையில எழுதணும், கதவு உட்பக்கம் சர்க்யூட் படம் எங்க ஒட்டணும், இதெல்லாம் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில, டார்ச் லைட்டைப் பல்லுல கடிச்சுட்டு வேலை பார்க்கிற ஒருத்தருக்காகத்தான் நாம டிசைன் பண்றோம். அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்றதுதான் நல்ல டிசைன். பத்து வருஷம் வெயில்ல இருந்தா மங்கிப்போற பேப்பர் லேபிளும் டிசைன் தப்புதான். பாலசோருக்குப் பிறகு லொகேஷன் பாக்ஸ், ரிலே ரூம்களோட இரட்டைப் பூட்டைச் சரிபார்க்கச் சொல்லி ரயில்வே உத்தரவு போட்டது. பூட்டு வேணும்தான். ஆனா சரியான சாவியோட வர்றவருக்கும் உள்ளே இருக்கிற எழுத்து சரியா இருக்கணுமே!

இப்போ நாமக்கல்லுக்கு வருவோம். நம்ம ஊர்ல தகரத்தை வெட்டி, வளைச்சு, வெல்டிங் பண்றதுல கை தேர்ந்தவங்க எத்தனை பேர்! லாரி பாடி கட்டுற பட்டறைகள் இங்க, போர்வெல் ரிக் கட்டுறது திருச்செங்கோட்டுல. ஸ்டெயின்லெஸ் ஷீட் தயாரிக்கிற ஆலை பக்கத்துல சேலத்துலயே இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, அதை யாரும் பெருசா நினைக்கிறதில்லை: கோழிப்பண்ணை. பண்ணை ஷெட்ல இருக்கிற பேனல் போர்டுக்கு தூசு, ஈரம், எலி எல்லாம் உண்டு. அதுக்கு மேல எச்சத்துல இருந்து வர்ற அமோனியா வேற. அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ரயில்வே பெட்டிக்கு வர்ற கஷ்டத்துல முக்கால்வாசி பஸ்ல அரை மணி நேர தூரத்துலயே இருக்கு. இதைவிட நல்ல டெஸ்டிங் லேப் எந்த ஊர்க் காலேஜுக்குக் கிடைக்கும்?

"ரயில்வேக்கு சப்ளை பண்ணணும்னா ஆர்டிஎஸ்ஓ அங்கீகாரம் வேணும், நம்ம பட்டறைக்கு அதெல்லாம் நடக்குமா?"ன்னு கேப்பீங்க. நாளைக்கே நடக்காது. லக்னோவுல இருக்கிற ஆர்டிஎஸ்ஓ கேக்கிறது கைத்திறமையை மட்டும் இல்லை. வரைபடம், டெஸ்ட் ரிப்போர்ட், எந்த ஷீட் எந்த லாட்ல வந்ததுங்கிற பதிவு, பத்தாவது பெட்டியும் முதல் பெட்டி மாதிரியே இருக்கும்ங்கிற உத்தரவாதம். நம்ம பட்டறைகள்ல கை இருக்கு, காகிதம் இல்லை. நம்மகிட்ட காகிதம் இருக்கு, கை இல்லை. ரெண்டும் ஒரே ஊர்ல இருந்தும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிறதில்லைங்கிறதுதான் என் வருத்தம்.

அதனால ஒரு யோசனை. அடுத்த ஃபைனல் இயர் பேட்ச்ல ட்ரிபிள்ஈ-ல ரெண்டு பேர், மெக்கானிக்கல்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரே ஒரு பெட்டி பண்ணுங்க. ஒரு பட்டறைக்குப் போய் அங்க இருக்கிற அண்ணன்கிட்ட வளைக்கிறது எப்படின்னு கத்துக்கோங்க, அவருக்கு வரைபடம் போட்டுக் குடுங்க. உள்ளே 60 வாட்டுக்கு ஒரு பல்பைப் போட்டு வெயில்ல வையுங்க. வெள்ளை, சாம்பல்னு ரெண்டு நிறத்துலயும் ஒரு மாசம் டெம்பரேச்சர் எழுதுங்க. ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சுட்டுக் கதவைத் திறந்து பாருங்க. பிறகு ஒரு கோழிப்பண்ணையில கேட்டு ஆறு மாசம் விட்டுட்டு வாங்க. கடைசியா, டிசைன் பண்ணாத ஒரு ஜூனியரைக் கூப்பிட்டு, கையில டார்ச் மட்டும் குடுத்து, "மூணாவது சர்க்யூட்டோட ஃபியூஸை எடு"ன்னு சொல்லுங்க. எத்தனை செகண்ட் ஆகுது, எத்தனை பேர் தப்பான ஃபியூஸைத் தொடுறாங்கன்னு எண்ணுங்க.

அந்த எண்ணிக்கை பூஜ்யம் ஆகுற வரைக்கும் பெட்டியை மாத்திட்டே இருங்க. ரிவ்யூவுல "இதுல புதுசா என்ன இருக்கு?"ன்னு கேட்டா, அந்த ஒரு எண்ணைக் காட்டுங்க.