அரசு எடுத்த பிறகும் ஐந்து லட்சம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் நிர்வாகம் நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்தது. நிதி நெருக்கடி முற்றியதும், 2013-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து தமிழக அரசு அதை எடுத்துக்கொண்டது.

இனி நம் வீட்டுப் பிள்ளையும் அங்கே டாக்டருக்குப் படிக்கலாம் என்றுதானே நினைப்போம்? அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் 2020-இலும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும், நடவுக் கூலிக்குப் போகிறவரின் மகள் அந்தப் பணத்துக்கு எங்கே போவாள்? மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகே, 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணமும் இறங்கியது.

அரசு நிறுவனத்திலும் போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கேட்க அங்கே வழி உண்டு. ஆசிரியர் நியமனத்தின் இனச்சுழற்சிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்ப வைக்கலாம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முடிவெடுப்பது அறக்கட்டளை. பட்டியல் சாதி மாணவர் எத்தனை பேர் என்று அங்கே கேட்டுப் பாருங்கள்!

சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு 2006 முதல் இடம் தருகிறது. உச்ச நீதிமன்றமும் 2014-இல் அது செல்லும் என்றது. நாடு முழுவதற்குமான சட்டத்தைத்தான் நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை. ஊருக்கு வரும் எம்.பி.யிடம் மாணவர்கள் இதைக் கேட்கலாம்.