வட்டி இல்லாத் தவணையும் வாடகை இல்லா வீடும்

 

வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே விலகி நிற்பது நம் குடும்பங்களின் நெடுநாளைய பண்பு. வட்டிக்கடைப் படி ஏறாமலேயே வாழ்ந்து முடித்த பாட்டனாரைப் பற்றிப் பெருமையுடன் பேசும் இல்லங்கள் நெல்லைச் சீமையில் இன்றும் பல உள்ளன. ஆனால் வட்டி இப்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் வாசலுக்கு வருவதில்லை. கைப்பேசிக் கடையில் அது 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று வருகிறது. வீடு தேடும்போது 'ஒத்தி' என்று வருகிறது. இரண்டிலும் 'வட்டி கிடையாது' என்ற உறுதிமொழியே முதலில் தரப்படுகிறது. அந்த உறுதிமொழி எவ்வளவு உண்மையானது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே நாம் கேட்டறிய வேண்டும்.

கைப்பேசிக் கடையில்

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு கடைக்குச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியின் விலை 24,000 ரூபாய். மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆறு தவணை. கூட்டிப் பார்த்தால் 24,000 ரூபாய்தான், மனம் நிறைவடைகிறது. ஆனால் அதே கைப்பேசியை ரொக்கத்துக்குக் கேட்டால் 22,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இடையில் நின்ற 1,500 ரூபாய்க்கு என்ன பெயர்?

நிதி நிறுவனம் எதுவும் கூலியின்றிக் கடன் தருவதில்லை. அதற்குச் சேர வேண்டிய வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விற்பவர் ஏற்றுக்கொள்கிறார்; அல்லது ரொக்கத் தள்ளுபடியை நமக்கு மறுத்து ஈடுசெய்துகொள்கிறார். கடன் அட்டையில் தவணை போட்டவர்கள் மாதாந்தரக் கணக்கறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். அசல் ஒரு வரியிலும், வட்டி மற்றொரு வரியிலும், அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறொரு வரியிலும் அச்சிடப்பட்டிருக்கும். செயலாக்கக் கட்டணம் இதற்கு மேல். பூஜ்ய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், வட்டியைக் கட்டணமாக மாற்றி மறைக்கக் கூடாது என்றும் 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

தவணை வியாபாரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம் என்று முடிவு செய்தது. அந்த விலை ஒப்பந்தத்தின்போதே உறுதியாகிவிட வேண்டும். தவணை தாமதித்தால் அதற்காகத் தொகையைக் கூட்டக் கூடாது. நம் ஊர்க் கடைக்காரர் தம் பொருளைத் தாமே தவணைக்கு விற்பது இந்த வகை. பொருளை ஒருவர் விற்க, வேறொருவர் பணத்தைக் கடனாகத் தந்து அதற்குமேல் பெற்றுக்கொள்வது இந்த வகையன்று.

ஒத்தி வீட்டில்

கைப்பேசிக்கு ஏமாறும்போது நமக்குக் கோபம் வருகிறது. அங்கே இழப்பவர் நாம். ஆனால் ஒத்தி வீட்டில் பெரும்பாலும் பெறுபவர் நாம். அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றிய பேச்சு நம்மிடையே மிகக் குறைவு.

மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என எங்கு வீடு தேடினாலும் 'வாடகைக்கா, ஒத்திக்கா?' என்ற கேள்வி எழுகிறது. ஒருவர் 5 லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கிறார். வெளியேறும்போது 5 லட்சத்தையும் குறையாமல் திரும்பப் பெறுகிறார். அதே வீட்டுக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்றால், அவர் அனுபவித்த பயன் 2,16,000 ரூபாய்.

இங்கே ஓர் எளிய உரைகல் உண்டு. அந்த 5 லட்சத்தைக் கடனாகக் கொடுக்காமல் இருந்திருந்தால், வீட்டுக்காரர் நம்மை வாடகையின்றிக் குடியிருக்க விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார். அப்படியானால் அந்தப் பயன் எதற்கான விலை? கைப்பேசிக் கடையில் 1,500 ரூபாயைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்வி இங்கே நம்மை நோக்கித் திரும்புகிறது.

'இரு தரப்பும் மனமொப்பித்தானே செய்கிறார்கள்?' என்று கேட்கலாம். வட்டிக்குக் கடன் வாங்குபவரும் மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறார். மகளின் திருமணத்துக்கோ, மகனின் வளைகுடாப் பயணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ பணம் வேண்டிய நெருக்கடியில்தான் பலர் தம் வீட்டை ஒத்திக்கு விடுகின்றனர். அந்த ஒப்புதலைத் தேவையே எழுதி வாங்குகிறது.

அடமானம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. அல்பகறா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் அடமானத்தைப் பற்றிப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது, அவர்களின் போர்க்கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானமாக இருந்தது என்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அடமானப் பொருள் கடனுக்குப் பாதுகாப்பு. கடன் கொடுத்தவருக்கு அது வருமானம் ஆகிவிடக் கூடாது. நிபந்தனையிட்டுப் பெறும் பயன் எதுவாயினும் அது வட்டியின் வகையைச் சேரும் என்பது மத்ஹபுகளின் அறிஞர்கள் ஏற்ற விதி. மக்களின் தேவையைக் கருதி 'பைஉல் வஃபா' என்னும் மீட்பு விற்பனையை அனுமதித்த பிற்கால ஹனஃபி அறிஞர்களும் உண்டு. ஆகவே ஏற்கெனவே ஒத்தியில் குடியிருப்பவர்கள் தம் நிலையை ஓர் ஆலிமிடம் விவரமாகச் சொல்லித் தெளிவு பெறுவதே முறை. கேட்காமலேயே 'எல்லோரும் செய்கிறார்கள்' என்று அமைதி கொள்வது முறையாகாது.

பணமும் பாதுகாப்பாக இல்லை

ஒத்திக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பு. பெண்கள் ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றிச் சேர்த்ததாகவும், நகையை விற்றதாகவும், வளைகுடா உழைப்பாகவும் அது இருக்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளை மட்டும் நம்பிக் கைமாறுகிறது.

ஒத்தி என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் சுவாதீன அடமானம். அதன் 59ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலுமான தொகைக்குரிய இத்தகைய அடமானம், இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே செல்லும். பதிவு செய்யாத ஒத்தி, வில்லங்கச் சான்றில் தெரியாது. வீட்டுக்காரர் அதே வீட்டை விற்றாலோ, வங்கியில் அடகு வைத்தாலோ, அவர் இறந்து வாரிசுகள் வழக்குக்குப் போனாலோ, குடியிருப்பவரின் கையில் எஞ்சுவது அந்த முத்திரைத்தாள் ஒன்றே.

தென்கொரியாவில் 'ஜொன்சே' என்ற பெயரில் இதே முறை நாடளாவிய வழக்கமாக உள்ளது. அங்கே வீட்டு விலை சரிந்தபோது, வீட்டுக்காரர்கள் பலரால் முன்தொகையைத் திருப்பித் தர முடியவில்லை. மோசடிகளும் வெளிப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்காக 2023 மே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அமைப்பும் காவலும் மிக்க ஒரு நாட்டிலேயே நிலை இதுவென்றால், நம் தெருவின் முத்திரைத்தாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எழுதுவது. கடனையும் அதன் தவணையையும் எழுதி, சாட்சிகளை வைக்கும்படி அறிவுறுத்தும் அல்பகறாவின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். 'நம்மவர்தானே, எழுத்து எதற்கு?' என்று கேட்பது பெருந்தன்மை போலத் தோன்றும். உறவு முறிவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமும் எழுத்து மூல ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது.

இரண்டாவது, கேட்பது. நிதி நிறுவனக் கடனில் பொருள் வாங்க நேர்ந்தால், முக்கிய விவரக் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு அது கட்டாயம். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு அதில் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு முடிவெடுப்போம். பல வேளைகளில் ஆறு மாதம் பொறுத்து ரொக்கத்துக்கு வாங்குவதே நல்ல முடிவாக இருக்கும். வீட்டைப் பொறுத்தவரை, பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மூன்றாவது, மாற்று வழியைத் தேர்வது. கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது என்றால், அதைக் கடனாகக் கொடுக்காமல் 5 ஆண்டுகளுக்கான முன்வாடகையாகவே கொடுக்கலாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் அது கழிந்துகொண்டே வரும். மொத்தமாகத் தருவதால் வாடகையைச் சற்றுக் குறைத்துக் கேட்பதும் நியாயமே. வீட்டுக்காரருக்கு மொத்தத் தொகை கிடைக்கிறது. திருப்பித் தரும் சுமையும் இல்லை. இடையில் வெளியேற நேர்ந்தால் எஞ்சிய மாதங்களின் தொகை என்னவாகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, உரிமையை நாடுவது. வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் இல்லை. அநீதியைப் பொறுத்துக்கொண்டு புலம்புவதைத் தவக்குல் என்று சொல்ல முடியாது.

ஜமாஅத்துகளின் பொறுப்பு

இவை அனைத்தையும் தனிக் குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. அவசரத் தேவைக்கு வட்டியின்றிக் கடன் தரும் பைத்துல்மால் ஊரில் வலுவாக இருந்தால், வீட்டை ஒத்திக்கு விடும் நெருக்கடியில் பாதியாவது குறையும். திருமணத்துக்கு நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத், முன்வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தையும் வைத்திருக்கலாம். ஜும்ஆ மேடையில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்தியைப் பற்றிப் பேசலாம்.

நம்மிடம் மறைத்துப் பெறப்படும் 1,500 ரூபாய்க்காகக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் அனுபவித்த 2,16,000 ரூபாயைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் நாளும் நமக்கு உண்டு. நம் கொடுக்கல் வாங்கலில் ஹலாலையும் தெளிவையும் பரக்கத்தையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.