வண்டி நிற்கும், உடல் நிற்காது

ஒரு பொருள் இயங்கிக்கொண்டே இருக்க ஓயாது ஒரு விசை வேண்டும் என்பது கிரேக்க அறிஞர் அரிசுடாட்டிலின் கருத்து. மாடு நின்றால் வண்டியும் நின்றுவிடுகின்றது. ஆகலின், இக்கருத்து மெய்போலவே தோன்றும். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் அறிஞருள் பெரும்பாலோர் இதனையே நம்பினர். சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டி ஆய்ந்த கலிலியோ அந்நம்பிக்கையை அசைத்தார். 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா' என்னும் நூலில் நியூட்டன் உண்மையை நெறிப்படுத்தினார். புறவிசை தாக்காதவரை நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். இயங்கும் பொருள் மாறா விரைவில் நேர்க்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும்.

அங்ஙனமாயின் மாட்டுவண்டி நிற்பது ஏன்? விசை இன்மையால் அன்று; உராய்வு என்னும் விசை தடுப்பதால் நிற்கின்றது. இயக்கத்திற்கு விசை வேண்டா. இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும். அம்மாற்றம் எத்துணை விரைவாக நிகழ்கின்றது என்பதன் அளவே முடுக்கம். உழவன் மாட்டை 'முடுக்கு' என்கிறானே, அதே சொல்தான் இது. நிறையை முடுக்கத்தால் பெருக்க வருவது விசை.

இவ்வளவும் பள்ளியில் சொல்லித் தரப்படுகின்றது; தேர்வில் எழுதவும் படுகின்றது. ஆனால், எழுதி முழு மதிப்பெண் பெற்றவரே வளர்ந்து பெற்றோரான பின், ஈருருளியின் முன்பக்கத்தில் குழந்தையை நிறுத்திக்கொண்டு செல்கின்றார். கேட்டால், 'மெல்லத்தானே செல்கின்றோம், கையால் பிடித்துக்கொள்ளலாம்' என்கின்றார்.

கணக்கிட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 36 கிலோ மீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். அவ்விரைவில் செல்லும் வண்டி எதன்மீதோ மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடின், அதற்குப் பிடிக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. வண்டி நிற்கும், குழந்தையின் உடலோ, நியூட்டன் சொன்னவாறு, அதே 10 மீட்டர் விரைவில் முன்னே செல்லும். 10 கிலோ நிறையுள்ள அக்குழந்தையை வண்டியோடு சேர்த்து நிறுத்த வேண்டிய விசை, ஏறத்தாழ 100 கிலோ மூட்டையைத் தூக்க வேண்டிய விசைக்கு ஒப்பாகும். அவ்விசையை, கண் இமைக்கும் நேரத்தில், எந்தத் தாயின் கை தரும்? அன்பில் குறையில்லை, விசைதான் போதாது.

விரைவு கூடினால் இடர் அதே அளவில் கூடும் என்று எண்ணுவதும் பிழை. நொடிக்கு 5 மீட்டர் வீதம் விரைவு குறையுமாறு தடுப்பை அழுத்துவதாகக் கொள்க. 36 கிலோ மீட்டர் விரைவில் செல்லும் வண்டி 10 மீட்டரில் நிற்கும். 72 கிலோ மீட்டர் விரைவில் செல்லும் வண்டியோ 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். விரைவு இருமடங்கு, தொலைவு நான்மடங்கு.

தலைக்காப்பின் பயனும் இதே கணக்கில் அடங்கும். அதன் உள்ளே உள்ள மென்படலம் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சற்றே நீட்டுகின்றது. நேரம் நீளின் முடுக்கம் குறையும். முடுக்கம் குறையின் மூளையைத் தாக்கும் விசையும் குறையும். இருக்கை வாரின் பணியும் அதுவே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் தலைக்காப்பைக் கட்டாயமாக்கியது. 2022இல் நடுவணரசு அறிவித்த நெறிமுறைகள், நான்கு அகவைக்கு உட்பட்ட குழந்தையை ஈருருளியில் ஏற்றிச் செல்வோர் காப்புக் கச்சை பூட்டவேண்டும், 40 கிலோ மீட்டர் விரைவை மீறலாகாது என்கின்றன. ஆயினும், ஒறுப்புக்கு அஞ்சி அணியும் தலைக்காப்பு, காவலர் கண்மறைந்ததும் வண்டியின் கைப்பிடியில் தொங்குகின்றது. கரணியம் அறியாது பணியும் பணிவு அவ்வளவே.

ஆதலின், இயக்க நெறிகளை உருப்போட வைக்கும் பயிற்றுமுறை மாற வேண்டும். விசையையும் முடுக்கத்தையும் கற்பிக்கும் ஆசிரியர், தெருவில் ஓடும் வண்டியைக் கொண்டே கற்பித்தல் வேண்டும். தன் தம்பி தங்கையரின் நிறையை வைத்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணவன், அன்று மாலையே தந்தையிடம் வினா எழுப்புவான். அவ்வினா எழாதவரை, அப்பாடம் நடத்தப்பட்டதாகவே கொள்ளல் ஆகாது.