ஒளியால் அளந்த பேராலயம்

2019ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆம் திகதி மாலை, பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்த காட்சியை எமது வாசகர்களுட் பலர் தொலைக்காட்சியிற் கண்டிருப்பர். 1163ஆம் ஆண்டளவில் ஆரம்பிக்கப்பெற்ற ஆலயம் அது. கூரையைத் தாங்கிய தீராந்திகளும் கைமரங்களும் மிக நெருங்கி நின்றமையால் அதனைக் 'காடு' என்றே அழைப்பது வழக்கம். அந்தக் காடு ஓரிரவிற் கரியாயிற்று. நிலத்திலிருந்து 96 மீற்றர் உயரம் வரை எழுந்து நின்ற கூர்ங்கோபுரமும் முறிந்து, கல் வளைவைத் துளைத்துக்கொண்டு உள்ளே வீழ்ந்தது.

மீண்டும் முன்போலவே கட்டுவோம் எனச் சொல்வது எளிது. ஆனால், முன்பு எவ்வாறு இருந்தது என்பதை யார் அறிவார்? ஆதியிற் கட்டியோர் எமக்கு வரைபடம் எதனையும் விட்டுச் சென்றாரல்லர்.

இங்கேதான் அன்ட்றூ டாலன் என்பவரை நாம் நினைவுகூர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வாஸர் கல்லூரியிற் கலை வரலாறு போதித்த பேராசிரியர் அவர். 2010ஆம் ஆண்டில் இவ்வாலயத்தின் உள்ளும் புறமும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் லேசர்க் கருவியொன்றைச் சுழலவிட்டார். கருவியினின்று புறப்படும் ஒளிக்கதிர் சுவரிலோ தூணிலோ பட்டுத் திரும்பும். அதனைக் கொண்டு அப்புள்ளி எவ்வளவு தூரத்தில், எத்திசையில் உள்ளதென்பது கணிக்கப்படும். இருட்டறையில் ஒருவர் பொருள்களைக் கையால் தடவித் தடவி அறிவதைப் போன்றதே இது. ஆயினும் இவ்வாறு தடவிய புள்ளிகள் நூறு கோடிக்கும் அதிகம்! அவற்றையெல்லாம் கணினி ஒன்றுசேர்த்தபோது, சில மில்லிமீற்றருக்கு மேற் பிசகாத வகையில் ஆலயத்தின் உருவம் திரையில் எழுந்தது.

டாலன் இதனைச் செய்தது தீயை எதிர்பார்த்தன்று. பழைய கொத்தர்கள் எவ்வாறு சிந்தித்தார்கள் என்பதை அறியவே அவர் விரும்பினார். அவர் கண்டவை சுவையானவை. மேற்குப் புறத்தின் உட்தூண்கள் ஒரு நேர்கோட்டில் நிற்கவில்லை. முன்பு நின்ற பகுதிகளை இடித்தெறியாமல் அவற்றோடு இணங்கிக் கட்டியதன் விளைவு அதுவென அவர் கருதினார். அரசர் சிலைகள் வரிசையாக நிற்கும் முகப்பு, தூக்குநூலினின்று ஏறக்குறைய ஓரடி விலகியிருந்தது. நிலம் இறுகும்வரை வேலையை நிறுத்தி, பொறுத்திருந்து, பின்னரே மேலே கட்டினர் என்பது அவர் முடிபு. கண்ணுக்கு நேராகத் தோன்றிய சுவர், அளந்தபோதுதான் தன் கதையைச் சொல்லிற்று.

2018 நவம்பரில், நாற்பத்தொன்பதாம் வயதில், டாலன் காலமானார். ஐந்து மாதங்களின் பின்னர் ஆலயம் எரிந்தது. அவர் அளந்து வைத்த பதிவு மீள்கட்டுவோர் கைக்குச் சென்றது.

எனினும் எல்லாப் புகழையும் லேசருக்கே சூட்டிவிடுதல் நியாயமன்று. ஒளி, தான் படும் மேற்பரப்பை மட்டுமே அறியும். மறைந்து கிடக்கும் பொருத்தை அறியாது. தீக்குச் சில ஆண்டுகள் முன்னர் றெமி ஃப்றொமோன், செட்றிக் திறெந்தெஸோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் அந்தக் கூரைக்குள் ஏறி, மரம் மரமாக அளந்து வரைந்திருந்தார்கள். தச்சருக்குப் பெரிதும் உதவியவை அவ்வரைபடங்களே. கோபுரத்துக்கும் கூரைக்குமாக ஏறக்குறைய 2000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. ஆலயத்தின் நடுக்கூரைக்கான மரங்களைக் கோடரியாற் கையாலேயே செதுக்கினார்கள். 2024 டிசெம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பெற்றது.

மற்றொரு சங்கதியையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் நாட்டின் பெரும்பகுதியையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய 'டூம்ஸ்டே' ஏட்டினை இன்றும் வாசிக்கலாம். அதன் தொளாயிரமாவது ஆண்டினையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் தயாரித்த புதிய பதிவு லேசர்த் தட்டுகளிற் சேமிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுள் அத்தட்டுகளை இயக்கும் பொறியே அரிதாகிவிட, நிபுணர்கள் பாடுபட்டு அதனை மீட்க வேண்டியதாயிற்று. ஆதலாற் பதிவு செய்தவர் புதிய கருவிகளுக்கு அதனை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். முக்கியமான அளவுகளைக் காகிதத்திலும் எழுதி வைத்தல் நன்று.

பாட்டன் கட்டிய வீடோ ஊர்க் கோயில் மண்டபமோ உள்ள வாசகர்களுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கைத்தொலைபேசிக் கமராவே போதும். ஒவ்வொரு படமும் முந்திய படத்திற் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் கொண்டிருக்குமாறு, மெல்ல நகர்ந்து நகர்ந்து எடுக்கவேண்டும். எங்காவது ஓர் அடிக்கோலும் படத்தில் தெரியட்டும். இப்படங்களை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும் கணினி நிரல்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. முகப்பிலே தொடங்கவேண்டாம், அதனைக் கலியாணப் படங்களில் எல்லாரும் எடுத்திருப்பார்கள். முகட்டின் உட்புறத்தையும், கதவு நிலையின் பின்புறத்தையும், கிணற்றடிச் சுவரையும் முதலில் எடுங்கள்.