குட்டி டிரெஸ்னா கூலியும் குட்டியா?

நவம்பர் 14 குழந்தைகள் தினம் நெருங்கினால் போதும், வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காக்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவியும். 'நாளை மறுநாள் ஸ்கூல்ல ஃபேன்சி டிரெஸ். பையனுக்கு பாரதியார் வேஷம், கறுப்பு கோட் வேணும்.' விலை சொன்னதும் அடுத்த மெசேஜ்: 'குழந்தை துணிதானே அக்கா, குறைச்சுக்கோங்க.'

இங்கேதான் கணக்கு தப்பாகிறது. சின்ன சைஸில் குறைவது துணி மட்டும்தான், வேலை குறைவதில்லை. காலர், கை, பட்டன் பட்டி, லைனிங் எல்லாமே பெரியவர்கள் கோட்டில் இருப்பதுபோலத்தான். கைக்குழி சின்னதாக ஆக, மெஷினில் திருப்பித் தைப்பது இன்னும் கஷ்டம்.

உதாரணத்துக்கு, ஒரு கோட்டுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி, லைனிங், பட்டன், நூலுக்கு 500 போனால் மிச்சம் 300. வெட்டித் தைக்க 6 மணி நேரம் என்றால், மணிக்கு 50 ரூபாய். பேரம் பேசினால் அடிபடுவது துணிக்கடைக்காரரின் லாபம் இல்லை, தைப்பவரின் கூலி.

வாடகை டிரெஸ் போதுமென்றால் தாராளமாக எடுக்கலாம். நம் பிள்ளை அளவுக்கே வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்க, துணிக்கு அட்வான்ஸ் கொடுங்க. கூலியில் மட்டும் கை வைக்காதீங்க.