காய் பறித்தால் கூலி கட்டுமா?
இத்தாலியின் ஆலிவ் தோப்புகளுக்கு வந்த சோதனை

இத்தாலி நாட்டுக் கிராமங்களில் அக்டோபர் மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு பரபரப்புதான். சுருட்டி வைத்த வலைகளை வெளியே எடுப்பார்கள். ஏணியைச் சரி பார்ப்பார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் லீவு போட்டு விட்டு வருவார்கள். ஆலிவ் காய் பறிக்கும் காலம் அது! சில இடங்களில் டிசம்பர் வரை நீடிக்கும்.

பைபிளில் ஒலிவ மரம் என்று வருகிறதே, அதுதான் ஆலிவ். அதன் காயைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்தான் இத்தாலிக்காரர்களின் சமையலுக்கு உயிர். (காயை அப்படியே கடித்தால் கசப்பு தாங்காது!)

பறிப்பது எப்படி?

மரத்தடியில் வலையை விரிக்கிறார்கள். சீப்புப் போன்ற கருவியால் கிளைகளை வாருகிறார்கள். காய்கள் பொலபொலவென்று வலையில் விழுகின்றன. வசதி உள்ளவர்கள் இயந்திரக் கோலால் கிளையை உலுக்குகிறார்கள்.

பறித்த காயைக் குவித்து வைக்கக் கூடாது. சூடேறிக் கெட்டு விடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் ஆலைக்குப் போக வேண்டும். அங்கே காயைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, விழுதாகப் பிசைந்து, சுழலும் இயந்திரத்தில் விட்டு எண்ணெயைப் பிரிக்கிறார்கள். சூடு 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக் கொண்டால்தான் "குளிர்முறையில் எடுத்தது" என்று புட்டியில் போடலாம். எண்ணெயின் அமிலம் 0.8 சதவிகிதத்துக்கு மேல் போனால் முதல் தரம் இல்லை. காயைக் காக்க வைத்தவனுக்கு விலை போச்சு!

கணக்கு உதைக்கிறது

ஓர் ஆள் நாள் முழுவதும் கையால் வாரினால் சுமார் 100 கிலோ காய் சேரும். அதில் சுமார் 15 கிலோ எண்ணெய் கிடைக்கும். 2020-ம் ஆண்டில் மொத்த விலை கிலோவுக்கு 3 யூரோ அளவுக்கு இறங்கியது. அதாவது, ஒரு நாள் உழைப்புக்கு 45 யூரோ. அதிலும் ஆலைக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டும். வெளி ஆளை வைத்துப் பறித்தால் நஷ்டம்தான்!

பிறகு விலை ஏறியது. உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் ஸ்பெயினில் 2022, 2023 ஆண்டுகளில் மழை பொய்த்தது. 2024 தொடக்கத்தில் இத்தாலியில் முதல் தர எண்ணெயின் மொத்த விலை கிலோ 9 யூரோவைத் தாண்டியது. சிறு விவசாயிக்கு யோகம் என்று தோன்றும். ஆனால் விலை ஏறத் தொடங்கிய 2022-ல் இத்தாலியிலும் வறட்சி, காய் குறைவு. விற்கச் சரக்கு இருந்தால் அல்லவா விலை உதவும்? மேலும் ஆலிவ் மரம் ஓர் ஆண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்து விடும்.

ஸ்பெயினின் பெரிய பண்ணைகளில் மரங்களை வேலி போல் நெருக்கி நட்டு, மேலே இயந்திரத்தை ஓட்டிக் காய் பறிக்கிறார்கள். இத்தாலியின் மலைச்சரிவுகளில் நிற்கும் கிழட்டு மரங்களிடம் இது நடக்காது. குடும்பத்தாரின் கூலியைக் கணக்கில் சேர்க்காததால்தான் பல சிறு தோப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பட்டுப்போன மரங்கள்

நாட்டின் தென்கோடியில் உள்ள புக்லியா மாநிலத்தின் துன்பம் வேறு வகை. 2013-ல் கல்லிப்போலி ஊர் அருகே ஆலிவ் மரங்கள் நுனி கருகுவதற்குக் காரணம் தெரிந்தது. சைலெல்லா என்ற பாக்டீரியா! தண்ணீரை மேலே கொண்டு போகும் குழாய்களை அது அடைத்து விடுகிறது. மரம் தாகத்தால் சாகிறது. நுரை கட்டும் ஒரு சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்புகிறது. மருந்தால் குணமாக்க வழி இல்லை.

நோய் கண்ட மரத்தையும், சுற்றி 100 மீட்டருக்குள் இருக்கும் மரங்களையும் வெட்டும்படி உத்தரவு வந்தது. பாட்டன் முப்பாட்டன் காலத்து மரம், பச்சையாக நிற்கிறது, அதை வெட்டச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? ஊரார் தடுத்தார்கள். 2015 டிசம்பரில் லெச்சே நகர அரசாங்க வக்கீல்கள் வெட்டுவதை நிறுத்தினார்கள். விஞ்ஞானிகள் மீதே விசாரணை நடந்தது! 2019-ல் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஜனங்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் பூச்சி தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. லட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. காய் இல்லாமல் ஆலைகள் பல மூடப்பட்டன.

இப்போது நோயைத் தாங்கும் லெச்சினோ, ஃபவோலோசா போன்ற ரகங்களை நடுகிறார்கள். கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்புக்காரர் வேறு பிழைப்புத் தேட வேண்டும். வயதானவர்கள் பலருக்குத் திரும்ப நடும் தெம்பு இல்லை; பிள்ளைகள் வடக்கே போய் விட்டார்கள். சிலர் மட்டும் பழைய அடிமரத்தை விட மனமின்றி, அதிலேயே லெச்சினோ கிளையை ஒட்டுக் கட்டிப் பார்க்கிறார்கள்.